சும்மா ஒரு ஒத்தாசை

எர்மீனியா வால்தோவினோஸ் கொதிக்கிற அண்டாவின் மூடியைக் கரித்துணி இல்லாமல் வெறுங்கையால் தூக்குவாள். புதிதாகப் பார்ப்பவர்கள் பதறுவார்கள். ஹார்லோவுக்குப் பிழைக்க வந்த, ஸ்பானிஷ் பேசும் நாங்கள் யாரும் பதறுவதில்லை. மாட்டிறைச்சி ஆலையில் வருஷக்கணக்காகக் கத்தி பிடித்த கை அது. குளிர் அறையில் நின்று, ஓடுகிற பட்டையில் வரும் துண்டங்களின் கொழுப்பைச் சீவிச் சீவி, விரல் நுனிகள் மரத்துப்போய்விட்டன. ஆலை டாக்டர் முதலில் மாத்திரை கொடுத்தார், அப்புறம் மணிக்கட்டுக்குப் பட்டை கொடுத்தார், அதற்கப்புறம் ஆலைக்காரர்கள் இனி வரவேண்டாம் என்றார்கள். எங்கள் ஊரில் அப்படிப்பட்ட கை வீட்டுக்கு ஒருவருக்காவது இருக்கும்.

கை போன பிறகுதான் அவள் தமால் விற்க ஆரம்பித்தாள். மக்காச்சோள மாவைப் பன்றிக் கொழுப்போடு பிசைந்து, நடுவே சிவப்பு மிளகாயில் வெந்த இறைச்சியை வைத்து, சோளத்தோகையில் பொதிந்து அவிப்பது. முதலில் ஆலை வாசலில், ஷிப்டு மாறும் நேரத்தில், கார் டிக்கியைத் திறந்து வைத்து விற்றாள். பிறகு வாங்குகிறவர்களே வீட்டுப் பின்கதவைத் தட்ட ஆரம்பித்தார்கள். ஞானஸ்நானம், பெண் பிள்ளைகளின் பதினைந்தாம் பிறந்தநாள், கல்யாணம், சாவு, எதுவானாலும் எர்மீனியாவிடம் சொல்லிவிட்டால் போதும் என்றாயிற்று. வீட்டுக் கூரை மாற்றியதும் மகள் அரசெலி கல்லூரி போனதும் அந்த அண்டாவிலிருந்து வந்ததுதான்.

புருஷன் எலெயுத்தேரியோ லாரி ஓட்டினான். நல்ல மனுஷன், ஆனால் ரோஷக்காரன். "என்னப்பா, உன் பொண்டாட்டி வியாபாரம் ஜோரா நடக்குது போல" என்று யாராவது வாய்தவறிச் சொல்லிவிட்டால் முகம் சுண்டிவிடும். "வியாபாரமா? அவ சம்பாதிச்சா நான் திங்கிறேன்? சும்மா கூடமாட ஒத்தாசைக்கு நாலு செய்யுறா, அவ்வளவுதான்" என்பான். அவளும் பக்கத்தில் நின்று தலையாட்டுவாள். ஆட்டி ஆட்டி அதுவே பழக்கமாகிவிட்டது.

மூன்று பனிக்காலத்துக்கு முன்னால், சாலையில் கண்ணாடி மாதிரி உறைந்திருந்த பனியில் லாரி சறுக்கி அவன் போனான். இறந்தவருக்காக ஒன்பது நாள் வீட்டில் ஜெபமாலை சொல்வது எங்கள் வழக்கம். வருகிறவர்களுக்குச் சாப்பாடு போட வேண்டும். ஒன்பது நாளும் எர்மீனியாதான் சமைத்தாள். அவள் அழுவாள் என்று எல்லோரும் காத்திருந்தார்கள், சில பெண்கள் தோளைப் பிடித்துக்கொள்ளத் தயாராகப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். அழுகை வரவில்லை. துக்கம்கூட வரவில்லை, தூக்கம் மட்டும் வந்தது. கையில் இருந்த மரமரப்பு மேலே ஏறி நெஞ்சுக்குள் போய்விட்டது என்று அவளே ஒருமுறை மகளிடம் சொன்னாள், ஏதோ வானிலை சொல்வது போல.

இனி முகமையின் கதை. ஹிஸ்பானிய மக்களின் பொருளாதார வளர்ச்சிக்கும் கொள்கை ஆய்வுக்குமான மாநில முகமை என்பது அதன் முழுப்பெயர். அந்த மசோதா சட்டமன்றத்துக்குள் பலமுறை போய்ப் பலமுறை வெறுங்கையோடு திரும்பி வந்தது. கடைசியில் எப்படியோ நிறைவேறிவிட்டது. எங்கள் ஊரார் அதை 'அஹென்சியா', அதாவது வெறும் முகமை, என்று சுருக்கிக்கொண்டார்கள்.

"அந்த முழுப்பேரைச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள நான் ஒருத்தனுக்கு முடிவெட்டி, சவரமும் பண்ணி அனுப்பிடுவேன்" என்றார் செமா. ஆலையில் வேலை பார்த்துக்கொண்டே கார் ஷெட்டில் முடிவெட்டுகிறவர். அரசெலிக்கு ஞானத்தகப்பன் என்பதால் எர்மீனியாவுக்கு அவர் 'கொம்பாத்ரே', அவருக்கு அவள் 'கொமாத்ரே'.

ஊரே அதைக் கேலி பண்ணினாலும் எர்மீனியாவுக்கு மட்டும் அதில் ஒரு காரியம் இருந்தது. கிறிஸ்துமஸுக்கு முன்னால் சுகாதார ஆய்வாளர் அம்மாள் வீட்டுக்கு வந்திருந்தாள். கடுமையாகப் பேசவில்லை, கொடுத்த காப்பியையும் குடித்தாள். ஆனால் சொன்னது கடுமைதான். வீட்டு அடுப்பில் இறைச்சி சமைத்து விற்கக் கூடாது. கோடைக்குள் சட்டப்படி ஒரு சமையலறை அமைத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் நிறுத்திவிட வேண்டும். மூன்றாம் தெருவில் பூட்டிக் கிடந்த பழைய சலவைக் கடையை அதன் சொந்தக்காரர் வாடகைக்குத் தரத் தயாராக இருந்தார். உள்ளே அடுப்பும் புகைபோக்கியும் தொட்டிகளும் போடத்தான் வழியில்லை. வங்கியில் கேட்டதற்குச் சிரித்து அனுப்பிவிட்டார்கள். முகமையின் கிளை எந்த ஊரில் அமைகிறதோ அந்த ஊர்க்காரர்களுக்குக் குறைந்த வட்டியில் கடனும், காகித வேலை பார்த்துக் கொடுக்க நம் பாஷை பேசும் ஆளும் கிடைக்கும். மேற்குப் பக்கத்துக்கு ஒரே கிளைதான். அது ஹார்லோவுக்கா, இரண்டு மணி நேரம் தள்ளி இருக்கும் பெல்ஃபோர்டுக்கா என்பது, எந்த ஊரில் நம்மவர் தொழில்கள் அதிகம் என்ற கணக்கைப் பொறுத்தது.

ஜனவரியில் மூன்று ராஜாக்கள் திருநாளன்று முகமையின் இயக்குநர் இமெல்தா தோவார் எங்கள் மாதா கோயில் கூடத்துக்கு வந்தார். நல்ல உடை, நல்ல பேச்சு. அன்றைக்கு வழக்கப்படி வட்ட ரொட்டி வெட்டினார்கள். உள்ளே ஒரு குழந்தைப் பொம்மையை ஒளித்துச் சுட்டிருப்பார்கள். யார் துண்டில் பொம்மை வருகிறதோ அவர் பிப்ரவரியில் வரும் கேண்டலேரியாத் திருநாளுக்கு எல்லாருக்கும் தமால் போட வேண்டும். விருந்தாளி என்று முதலில் கத்தியை அந்த அம்மாளிடம் கொடுத்தார்கள். வெட்டியதும் ரொட்டிக்குள்ளிருந்து இரண்டு பிளாஸ்டிக் கால்கள் எட்டிப் பார்த்தன.

"மாட்டிக்கிட்டாங்கடோய்!" என்று கத்தினார் செமா. "கேண்டலேரியாவுக்குத் தமால் அரசாங்கச் செலவு!"

கூடம் அதிர்ந்தது. தோவார் அம்மாளும் சிரித்து, "சரி, தமாலோட வர்றேன். கணக்கெடுப்பு முடிவையும் அன்னைக்கே சொல்லிடறேன்" என்றார். எர்மீனியா ஓரமாக நின்று காகிதத் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரம் கணக்கெடுக்க வந்தவர் கெசாதா என்கிற ஆய்வாளர். தலைநகரில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய ஸ்பானிஷ் இஸ்திரி போட்ட சட்டை மாதிரி மொடமொடவென்று இருந்தது. கதவு தட்டினால் யாரும் திறக்கவில்லை என்று பாதிரியாரிடம் போய் நின்றார். பாதிரியார் எர்மீனியாவைக் கைகாட்டினார். அவளைப் பார்த்தால் திறக்காத கதவு எங்கள் ஊரில் கிடையாது.

அவள் அவரை முதலில் கூட்டிப் போனது செமாவின் ஷெட்டுக்கு. உள்ளே சுழல் நாற்காலிகள், சுவர் நீளத்துக்குக் கண்ணாடி, பெஞ்சில் முறைக்காகக் காத்திருக்கும் ஆட்கள். நாற்காலியில் ஒரு தங்கமுடி வெள்ளைக்காரன் துண்டு போர்த்தி உட்கார்ந்திருந்தான்.

"ஐயா, நீங்க சொந்தமா ஏதாவது தொழில் நடத்துறீங்களா?" என்று கேட்டார் கெசாதா.

செமா கத்தரிக்கோலை நிறுத்தவே இல்லை. "தொழிலா, நானா? நமக்கு ஆலை வேலைங்க. இது சும்மா, சொந்தபந்தத்துக்கு வெட்டிவிடறது."

"இவரு உங்களுக்குச் சொந்தமா?"

"இப்பத்தான் ஆனாரு."

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கெசாதாவும் சிரித்துவிட்டு, இல்லை என்று எழுதிக்கொண்டார். மக்கள் சொல்வதைத்தான் எழுத வேண்டும், நாமாக ஊகித்து எழுதக் கூடாது என்பது அவருக்கு இட்டிருந்த விதி. அதில் தப்பு சொல்ல என்ன இருக்கிறது?

அடுத்தது ஓப்துலியாவின் வீடு. பதினைந்து வயதுப் பெண்களுக்குக் குடை மாதிரி விரியும் கவுன் தைப்பவள். கூடத்தில் நடக்க இடமில்லாமல் வலைத்துணி குவிந்து கிடந்தது. ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டே, "தொழிலெல்லாம் இல்ல தம்பி. பொண்ணுங்களுக்கு ஒத்தாசை பண்றேன். பாவம், கடையில வாங்கினா கட்டுப்படி ஆகுமா?" என்றாள். புல்தரையில் பிரித்துப் போட்ட கார்களுக்கு நடுவே படுத்திருந்த மெக்கானிக், கார்கள் எல்லாம் நண்பர்களுடையவை என்றான்.

இவர்கள் அதிகாரிக்குப் பயந்து பொய் சொல்கிறார்கள் என்றுதான் எர்மீனியா முதலில் நினைத்தாள். தெருமுனையில் காற்று முகத்தில் அறைந்தபோது அவளுக்கு வேறு ஒன்று புரிந்தது. யாருமே பொய் சொல்லவில்லை. அவர்கள் நினைப்பில் அது தொழிலே இல்லை. எங்கள் ஊரில் ஒருவன் எனக்குச் சொந்தத் தொழில் இருக்கிறது என்று வாய்விட்டுச் சொன்னால் மறுநாளே கைமாற்றுக் கேட்டு ஆள் வரும். தலைக்கனம் ஏறிவிட்டது என்று பேச்சு வரும். அதற்கும் மேல் கண்பட்டுவிடும். சின்ன வயதிலிருந்தே நாக்கை அப்படி வளர்த்துவிட்டோம். எனக்கு இதை நினைத்தால் எரிச்சலாக வருகிறது, ஆனால் நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான்.

கடைசியாக அவள் வீடு. காலையில் வேலைக்குக் கிளம்பும்போதே அரசெலி தோளைப் பிடித்துச் சொல்லிவிட்டுத்தான் போனாள். "மம்மா, உன்கிட்டயும் கேப்பாங்க. 'ஆமா, இருக்கு'ன்னு சொல்லு. ரெண்டே வார்த்தை. வாயில பல்லு இருக்குல்ல?"

"இருக்குடி, போடி" என்றாள் எர்மீனியா.

கெசாதா சமையலறை மேசையில் உட்கார்ந்தார். அடுப்பில் பெரிய அண்டாக்கள் ஆவி விட்டுக்கொண்டிருந்தன. நடையில் ஃப்ரீசர் பெட்டிகள் நின்றன. அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே பின்கதவு தட்டப்பட்டது, ஆலைச் சீருடையோடு ஒருத்தி கை நிறைய பொட்டலம் வாங்கிப் போனாள்.

"அருமையா இருக்கும்மா" என்று விரலைத் துடைத்துக்கொண்டு பேனாவை எடுத்தார். "சரி, உங்களுக்குச் சொந்தமா தொழில் இருக்கா?"

எர்மீனியா வாயைத் திறந்தாள். எதிரே சுவரில் எலெயுத்தேரியோவின் படம் இருந்தது, லாரிக்கு முன்னால் மார்பில் கைகட்டி நிற்கும் படம். ஆமாம் என்று சொன்னால், அவன் குடும்பத்தைக் காப்பாற்றவில்லை என்று அவன் முகத்துக்கு நேராகச் சொல்வது போல ஆகிவிடும் என்று தோன்றியது. அவன் உயிரோடு இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

"தொழில்னு இல்ல தம்பி. சும்மா ஒத்தாசைக்கு நாலு செய்யுறேன்."

பேனா காகிதத்துக்கு மேலேயே நின்றது. "ஒத்தாசைன்னா... யாருக்கு?"

"வீட்டுக்காரருக்கு."

கெசாதா திரும்பி அந்தப் படத்தைப் பார்த்தார். கீழே மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது, சட்டத்தின் மூலையில் கறுப்பு ரிப்பன் கட்டியிருந்தது. பிறகு இல்லை என்று எழுதிக்கொண்டார். போகும்போது அவள் இன்னும் கொஞ்சம் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள்.

அன்று மாலை அரசெலி வந்து, "என்ன சொன்ன?" என்று கேட்டாள். எர்மீனியா பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே, "சொன்னேன்" என்று மட்டும் சொன்னாள். மகள் நிம்மதியாகப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

கேண்டலேரியா வந்தது. தோவார் அம்மாள் சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். அரசாங்கம் பதிவு பெற்ற கடையில்தான் வாங்க முடியும் என்பதால், மக்காரியோவின் உணவகத்தில் தமாலுக்குச் சொல்லியிருந்தார். மக்காரியோவுக்கு மாட்டுக்கறி வாட்டத் தெரியும், தமால் வராது. வழக்கம்போல ஓசைப்படாமல் எர்மீனியாவிடம் வாங்கி, தன் கடைப் பெயர் போட்ட பெட்டிகளில் அடுக்கிக் கொண்டுவந்து இறக்கினார். முதல் வாயிலேயே கூடம் முழுவதற்கும் இது யார் கைப்பக்குவம் என்று தெரிந்துவிட்டது. யாரும் வாயைத் திறக்கவில்லை. இதில் சொல்ல என்ன இருக்கிறது, எப்போதும் நடப்பதுதானே.

தோவார் அம்மாள் திரையில் படம் காட்டிப் பேசினார். ஹார்லோவில் நம்மவர் நடத்தும் தொழில்கள் நான்கு. இரண்டு மளிகைக் கடை, ஊருக்குப் பணம் அனுப்பும் கடை ஒன்று, மக்காரியோவின் உணவகம். பெல்ஃபோர்டில் இதைப் போலப் பல மடங்கு. ஆகவே கிளை பெல்ஃபோர்டில் அமைகிறது.

"நாலா?" என்றார் செமா, வாயில் தமாலோடு. "இந்தத் தெருவுலயே நாலுக்கு மேல இருக்கே!"

"எதுய்யா இருக்கு?" என்று கேட்டாள் ஓப்துலியா, நிஜமாகவே தெரியாமல்.

செமா யோசித்தார். அவருடைய பார்வை ஓப்துலியாவிடம் போனது, மெக்கானிக்கிடம் போனது, எர்மீனியாவிடம் வந்து நின்றது. அப்புறம் குனிந்து தன்னுடைய கைகளைப் பார்த்தார். அன்றைக்கு அவர் அதற்கு மேல் ஜோக் அடிக்கவில்லை.

காரில் ஏறிக் கதவைச் சாத்தியதும் அரசெலி வெடித்தாள். "சொன்னேன்னு சொன்னியே! என்னத்தைச் சொன்ன?"

"ஒத்தாசைன்னு சொன்னேன்."

"யாருக்கு ஒத்தாசை? அப்பா செத்துட்டாரு மம்மா! செத்து மூணு வருஷமாச்சு! இன்னும் யாருக்கு ஒத்தாசை பண்ணிக்கிட்டிருக்க?" அவள் ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதாள். "அந்தச் சலவைக் கடை போச்சு. தெரியுதா உனக்கு? போச்சு."

எர்மீனியாவுக்குத் தெரிந்தது. தெரிந்தது நெஞ்சில் இறங்கவில்லை, வேறு யாருக்கோ நடந்த செய்தி போல இருந்தது. மகளின் முதுகைத் தடவிக் கொடுத்தாள். கோட்டின் துணி விரலுக்குத் தட்டுப்படவில்லை. "வீட்டுக்குப் போலாம் கண்ணு. அண்டா ஊறப் போட்டுட்டு வந்திருக்கேன்" என்றாள்.

அரசெலி விடவில்லை. மறுநாள் கெசாதாவைத் தொலைபேசியில் பிடித்து அம்மாவின் கையில் கொடுத்தாள். அவர் மரியாதையாகத்தான் பேசினார். அறிக்கை போய்விட்டது, அடுத்த கணக்கெடுப்பில் திருத்திக்கொள்ளலாம் என்றார். "அதுக்கென்ன தம்பி, நீங்க உடம்பைப் பாத்துக்கங்க" என்று அவள் போனை வைத்தாள். அவருக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. பேச்சை முடிக்க அவளுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

கோடையில் சுகாதார ஆய்வாளர் அம்மாள் மறுபடி வந்தாள். எர்மீனியா அண்டாக்களைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்ததைக் காட்டினாள். அதற்குப் பிறகும் வெகுநாள் ஆலைப் பெண்கள் பின்கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் கதவைப் பாதி திறந்து, இல்லை என்று தலையாட்டுவாள். மூன்றாம் தெருச் சலவைக் கடையில் செல்போன் கடை வந்தது.

மக்காரியோ தன் உணவகத்தின் பின்கட்டில் அவளுக்கு வேலை போட்டுக் கொடுத்தார். அடுப்பு அவருடையது, புகைபோக்கி அவருடையது, சட்டப்படி எல்லாம் சரி. வாசலில் 'மக்காரியோ தமால்' என்று பலகை வைத்தார். அவர் கெட்டவர் இல்லை, கூலியைக் குறைக்கவும் இல்லை. எனக்குக் கோபமே அதுதான், யாரையாவது திட்டித் தீர்க்கலாம் என்றால் இந்தக் கதையில் ஆள் அகப்படவில்லை.

இலையுதிர் காலத்தில் பெல்ஃபோர்டில் கிளை திறந்தார்கள். விருந்து மக்காரியோவுடையது. எர்மீனியா மக்காரியோ பெயர் போட்ட ஏப்ரனைக் கட்டிக்கொண்டு மேசைக்குப் பின்னால் நின்றாள். தோவார் அம்மாள் ரிப்பன் வெட்டிவிட்டுப் பேசும்போது, ஹார்லோ மாதிரிச் சின்ன ஊரிலிருந்தும் மக்காரியோவைப் போல ஒருவர் வளர்ந்து வர முடிகிறது என்று பாராட்டினார். எல்லாரும் கைதட்டினார்கள். எர்மீனியாவும் தட்டினாள்.

வரிசை நகர ஆரம்பித்தது. கையில் கணினிப் பலகையோடு ஒரு சின்னப் பெண், முகமைச் சட்டை போட்டவள், ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே வந்தாள். அடுத்த கணக்கெடுப்பை அன்றைக்கே ஆரம்பித்துவிட்டார்கள். மேசையைச் சுற்றி எர்மீனியாவிடமும் வந்தாள்.

"அம்மா, ஒரே ஒரு கேள்வி. உங்களுக்குச் சொந்தமா தொழில் ஏதாவது இருக்கா?"

எர்மீனியா இடுக்கியைக் கீழே வைத்தாள். அந்த அறையில் எலெயுத்தேரியோவின் படம் இல்லை. வெள்ளைச் சுவரும் மாநிலக் கொடியும்தான் இருந்தன.

"இருந்துச்சு" என்றாள்.

அந்தப் பெண் திரையில் விரலை மேலும் கீழும் இழுத்துப் பார்த்தாள். "இருக்கு, இல்லைன்னு ரெண்டுதாம்மா இதுல வருது. இருந்துச்சுன்னு போட இடமில்ல."

"அப்ப இல்லைன்னு போட்டுக்கம்மா."

"தாங்க்ஸ்மா" என்று அவள் அடுத்த ஆளிடம் போய்விட்டாள்.

எர்மீனியா இடுக்கியை எடுத்தாள். அடுத்த தமாலைத் தூக்கி நீட்டப் போனவள் நின்றுவிட்டாள். அது தொழில்தான். இத்தனை வருஷமும் அது அவளுடைய தொழிலாகத்தான் இருந்தது, புருஷன் போன பிறகும் தனியாளாக அதை அவள்தான் நடத்தினாள், இப்போது அது இல்லை. நெஞ்சுக்குள் எங்கோ சுருக்கென்று குத்தியது. மரத்த காலில் ரத்தம் ஓடத் தொடங்கும்போது வலிக்குமே, அப்படி வலித்தது. எலெயுத்தேரியோவின் ஒன்பது நாளிலும் வராத அழுகை அப்போது வந்தது. மக்காரியோவின் ஏப்ரனில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அவள் குரல்விட்டு அழுதாள். என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. வரிசையில் நின்றவர்கள் தட்டுகளோடு காத்திருந்தார்கள்.